பாதுகாப்பு 82

கச்சான் அடிக்கிற மாதம்.
நாவற்குடாவில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில்
பனிமலைக்கு ஒரு பெண்ணை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
பனியை நான் கண்டதில்லை.
ஆனால் குளிரும் என்பது தெரியும்.
இவளுக்குத் தெரியாதாம்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை.
கோப்பில் வீராங்கனை 07.
முதல் கட்டத்தில் தோல் அங்கி, மணிக்கட்டு வரை கை.
பத்தாம் கட்டத்தில் கை போகும்.
இருபதில் வயிறு திறக்கும்.
நாற்பதில், விளையாடுகிறவன் காசு கட்டி வாங்கும் தங்கக் கவசம்:
இரண்டு கிண்ணம், ஒரு சங்கிலி,
தொடையில் எதற்கென்று தெரியாத ஒரு வார்.
விலை ஏற ஏற இரும்பு தேய்கிறது.
பக்கத்தில் பாதுகாப்பு 82 என்று எழுதியிருக்கிறது.
அதே கவசத்தை ஆண் போட்டால்
கழுத்து முதல் கணுக்கால் வரை தகடு.
அவனுக்கும் 82.

கணக்கில் நான் மோசமில்லை.
மிச்ச இரும்பு எங்கே போனது?

றுஸ்னா காத்தான்குடியிலிருந்து எலும்பு பூட்டுகிறவள்.
நான் செய்த உடம்புக்குள்
முதுகு, தோள், விரல்கணு என்று கோர்த்துக்கொண்டு போவாள்.
நேற்றிரவு குரல் அனுப்பியிருந்தாள்:
"ரெண்டு எலும்பு கூடப் போடச் சொல்றானுகள் கா, நெஞ்சுக்குள்ள.
நடந்தா ஆடணுமாம். நின்ட பிறகும் ஆடணுமாம்.
அந்த இடத்துல ஆருக்கு எலும்பு இருக்கு?"
சிரித்தாள். பின்னால் பிள்ளை அழுதது.
மறுகா, "போட்டுட்டன்" என்றாள்.

நானும் போட்டேன், சொன்னதையெல்லாம்.
இடுப்பை மூன்று தடவை இறுக்கினேன்.
குடல் எங்கே இருக்கும் என்று கேட்கவில்லை.
மோட்டார் சைக்கிள் லீசிங் ஐந்தாம் திகதி.

இதையும் சொல்லிவிட வேணும்:
எனக்கு அவள் அசிங்கமாகத் தெரியவில்லை.
வாளை உயர்த்தும்போது விலாவில் விழும் நிழலுக்கு
ஒரு முழு இரவைக் கொடுத்தேன்.
பதினாறு வயதில், அண்ணனின் கணினியில்,
குட்டைப் பாவாடைக்காரியைத்தான் தேர்ந்தெடுத்து
ஒரு தெரு முழுக்க அடித்து வீழ்த்தியிருக்கிறேன்.
கதவைச் சாத்திவிட்டு அவளாக இருந்தேன்.
இப்போது அவளுக்குள் இடமில்லை.
கமரா எப்போதும் அவளுக்குப் பின்னால், இடுப்புயரத்தில்.
முகத்தையும் நான்தான் செய்தேன்,
ஒன்பது நாள், ஒரு புருவம் சற்றே மேலே.
அந்தப் பக்கம் யாரும் வரப்போவதில்லை.

கல்முனை பஸ்ஸில் துப்பட்டாவுக்கு ஒரு ஊக்கு,
விரலிடுக்கில் இன்னொன்று, திறந்தபடி.

போன வாரம் கச்சேரி வாசலில் காவலாளி என்னைத் திருப்பி அனுப்பினான்.
"கை வைச்ச சட்டை போட்டுட்டு வாங்க."
அன்று மாலையே மின்னஞ்சல்:
"கையை எடுத்துவிடுங்கள். தோள் தெரியட்டும்."
இரண்டு பேருக்கும் சரி என்றேன்.

தோள் தெரிந்தது.
பளிங்கு போல,
பால்குடித்த நாளே இல்லாதவளின் தோள்.
இரவு இரண்டு மணிக்கு என் சட்டையை இறக்கி
கைபேசி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து
அவள் இடது புயத்தில் அந்த வட்டத்தை வரைந்தேன்,
பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் குத்துகிற ஊசியின் தழும்பு.
நடுவில் குழி, ஓரத்தில் சுருக்கம்,
பருப்பு அளவுதான்.
எனக்கு உண்டு. றுஸ்னாவுக்கு உண்டு.
காவலாளிக்கும் இருக்கும், முழுக்கைச் சட்டைக்குள்ளே.

இன்று காலை பதில்:
"அருமை. பணம் போடுகிறோம்.
இடது கையில் தோலில் ஒரு பிழை.
அதை மட்டும் அழித்துவிடுங்கள்."

கரண்ட் போய்விட்டது.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
பனியில் நிற்கிறாள். நின்ற பிறகும் ஆடுகிறாள்.
பிழை இல்லை என்று எழுதினேன்.
அவள் மேல் உள்ளதில்
வேலை செய்வது அது ஒன்றுதான் என்று எழுதினேன்.

இன்னும் அனுப்பவில்லை.
ஒன்பது வீதம்.